ஏற்காடு ரோட்டில் ஒரு தட்டுவடை செட் கடை

சேலத்தில் தட்டுவடை செட் கிடைக்காத தெரு கிடையாது. அம்மாப்பேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை, நாலு ரோடு என்று பொழுது சாய்ந்தால் முக்குக்கு முக்கு வண்டி நிற்கும். நான் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறவன். சின்ன வயதிலிருந்து செட் தின்று வளர்ந்த நாக்கு. அந்த நாக்கை நம்பிச் சொல்கிறேன், இப்போது சேலத்தில் நல்ல செட் வேண்டுமென்றால் அஸ்தம்பட்டி ரவுண்டானா தாண்டி ஏற்காடு ரோட்டுப் பக்கம் போங்கள். மத்திய சிறையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஒரு பழைய ஓட்டு வீட்டின் முன்திண்ணையில் இந்தக் கடை இருக்கிறது. கடைக்குப் பெயர் கிடையாது. ‘தட்டுவடை செட், நொறுக்கல், கலவை சாதம்’ என்று நீல பெயின்டில் எழுதிய தகரம் ஒன்று தொங்கும். புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு பேர்தான் நடத்துகிறார்கள்.

முதலில் செட். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு தட்டுவடை வைத்து, அதன்மேல் பச்சைச் சட்னியும் சிவப்புச் சட்னியும் தடவி, துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம் வைத்து, எலுமிச்சை பிழிந்து, மேலே இன்னொரு தட்டுவடையை மூடிக் கொடுப்பது. கேட்க சுலபம். பல கடைகளில் கெட்டுப்போவது எங்கே என்றால் காய்கறியில். துருவி அப்படியே பாத்திரத்தில் போட்டு வைப்பார்கள், தண்ணீர் விட்டுக்கொள்ளும், வடை வாய்க்குப் போவதற்குள் நமத்துவிடும். இங்கே அந்த அண்ணன் துருவலை வெள்ளைத் துணியில் போட்டு முறுக்கிப் பிழிந்துவிட்டுத்தான் பாத்திரத்தில் கொட்டுகிறார். அதுவும் மொத்தமாக இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. கூட்டம் நின்றாலும் அந்த வேலையைத் தள்ளிப் போடுவதில்லை. கடைசிச் செட்டைக் கடிக்கும்போதும் வடை ‘படக்’ என்று உடைகிறது.

சிவப்புச் சட்னி கடைக்கார அக்காவின் கைவேலை. காய்ந்த மிளகாயை ஊறவைத்து, பூண்டு நிறையப் போட்டு, தண்ணீர் அதிகம் விடாமல் அரைப்பது. காரம் முதலில் தெரியாது, இரண்டாவது வாய்க்குத்தான் ஏறும். பச்சைச் சட்னியில் மல்லி தூக்கல், புதினா அளவு. சில நாளில் அதில் உப்பு ஒரு கல் கூடிவிடுகிறது. சொன்னால் கோபப்பட மாட்டார்கள், உடனே எலுமிச்சையைக் கொஞ்சம் கூடப் பிழிந்து சரிசெய்து கொடுப்பார்கள். தட்டுவடை அம்மாப்பேட்டையில் வீட்டில் வைத்துச் சுடுகிற ஒரு அம்மாவிடமிருந்து வருகிறது. எண்ணெய் வாடை இல்லை. எள்ளும் கடலைப் பருப்பும் பல்லில் தட்டுப்படும்.

நொறுக்கலும் நன்றாக இருக்கிறது. தட்டுவடை, முறுக்கு இரண்டையும் உடைத்து, காரப்பொரி கலந்து, சட்னி ஊற்றிக் கிளறிக் கொடுப்பது. முட்டை நொறுக்கல் கேட்டால் அவித்த முட்டையை நூலால் அறுத்துப் போடுகிறார். ஒரு தட்டு செட் 30 ரூபாய், நொறுக்கல் 40, முட்டை போட்டால் 50. மதியத்தில் எலுமிச்சை சாதம், தயிர் சாதம், தக்காளி சாதம் மூன்று வகை. தக்காளி சாதம் சுமார்தான், தயிர் சாதத்துக்கு வாங்கலாம். டீ குடிக்காதீர்கள். டிக்காஷன் காலையில் போட்டதாகவே இருக்கும். உட்கார நாலைந்து பிளாஸ்டிக் ஸ்டூல், அவ்வளவுதான். மழை வந்தால் திண்ணையில் ஒண்டிக்கொள்ள வேண்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த சேவை. அது விலைப்பட்டியலில் இல்லை.

சிறையில் இருக்கிறவர்களை மனு போட்டுப் பார்க்க வருகிறவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பக்கத்திலிருந்தெல்லாம் விடிகாலையில் பஸ் ஏறி வருவார்கள். செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. கையில் பை, குழந்தை, தண்ணீர் பாட்டில், இதையெல்லாம் வைத்துக்கொண்டு போனை எங்கே விடுவது என்று தெரியாமல் ரோட்டோரம் நிற்பார்கள். இந்தக் கடையில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பழைய புடவைத் துணியில் தைத்த சின்னச் சின்னச் சுருக்குப் பைகள், ஒவ்வொன்றிலும் நூலால் நம்பர் பின்னியிருக்கும். போனை உங்கள் கண் முன்னால் அணைத்து, பையில் போட்டு, அதே நம்பர் போட்ட அட்டையை உங்களிடம் கொடுப்பார்கள். காசு கிடையாது. சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்பதும் கிடையாது. சந்திப்புக்கு இணையத்தில் பதிவு செய்கிற இ-முலாகாத் வசதி இருப்பது கிராமத்திலிருந்து வருகிற நிறையப் பேருக்குத் தெரியாது. அக்காவின் மகள் விடுமுறையில் வந்திருந்தால் அவர்களுக்கு அதைப் போட்டும் கொடுக்கிறாள். அடையாள அட்டை இல்லாமல் வந்து அலையாதீர்கள் என்று தகரத்தின் கீழே சாக்பீஸில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நானே அப்படி மனு பார்க்கப் போய்த்தான் இந்தக் கடையைத் தெரிந்துகொண்டேன். என் அக்கா மகன் ஒரு அடிதடி வழக்கில் தண்டனை ஆகி உள்ளே இருக்கிறான். தாய்மாமன் நான்தான் போக வேண்டும், என் அக்காவால் அந்த வாசலில் நிற்க முடியவில்லை. பார்த்துவிட்டு வெளியே வந்தால் தொண்டையில் எதுவும் இறங்காது. அப்படி ஒருநாள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பியவனை, “ரெண்டு வாய் தயிர் சாதமாச்சும் சாப்புட்டுப் போங்கண்ணா, வண்டி ஓட்டணும்ல” என்று நிறுத்தி உட்கார வைத்தார் அந்த அண்ணன். வயதில் எனக்குச் சின்னவர்தான். ஆனால் கடைக்கு வருகிற எல்லோருக்கும் அவர் அண்ணன், அவருக்கும் எல்லோரும் அண்ணன். பையனின் முதல் ராத்திரிகள் எப்படி இருக்கும், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்று அவர் சொல்லச் சொல்லத்தான் இவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று எனக்கு உறைத்தது. கேட்டேன். “நானும் உள்ள இருந்தவன்தாண்ணா. கொலை வழக்கு. ஆயுள்” என்றார். குரலைத் தாழ்த்தவில்லை.

இதை எழுதலாமா என்று இருவரிடமும் கேட்டேன். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், மற்றதை எழுதுங்கள் என்றார்கள். தெருவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மறைத்து வைத்தால் என்றைக்காவது ஒருநாள் யாராவது வந்து சொல்வார்கள், அதற்கு நாமே சொல்லிவிடுவது மேல் என்பது அவர்கள் முடிவு.

வரப்புத் தகராறு. 2006-ல் நடந்தது. கையில் மண்வெட்டி இருந்தது என்று மட்டும் சொன்னார். ‘தெரியாமல் நடந்துவிட்டது’ என்ற பேச்சே அவரிடம் இல்லை. “செஞ்சேன்” என்றுதான் சொல்கிறார். இறந்தவருக்கு இரண்டு பிள்ளைகள். வெளியே வந்த பிறகு ஊர்ப் பெரியவர் ஒருவர் மூலம் கொஞ்சம் பணம் கொடுத்தனுப்பினார், அந்த வீட்டில் வாங்கவில்லை. அந்த ஊர்ப் பக்கம் அவர் போவதே இல்லை. “அவங்க என் மூஞ்சியைப் பாக்க வேணாம்னு சொல்றதுல நியாயம் இருக்குண்ணா” என்றார். இந்தக் கடையைப் புகழ்ந்து எழுதும்போது அந்த வீட்டையும் நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். சிறைக்குள் சம்பாதிக்கிற கூலியில் ஒரு பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்குப் போக வேண்டும் என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொன்னது. இவருடைய கூலியிலும் அப்படிப் பிடித்தார்கள். அந்தப் பிடித்தம்தான் தன் சம்பளத்திலேயே தனக்கு உறுத்தாத பணம் என்றார்.

கடைக்கு வருகிற சிலர், “பதினாலு வருஷம் முடிஞ்சா தானா விட்டுடுவாங்க” என்று அலட்சியமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒன்றும் தானாக நடக்காது. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்கத்தான். மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவரைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி அரசு முன்கூட்டியே விட வேண்டுமானால், குறைந்தது 14 ஆண்டு முடிந்திருக்க வேண்டும் என்று 1978-ல் சேர்த்த 433ஏ பிரிவு சொன்னது, 2024-ல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. முடிந்த பிறகும் நன்னடத்தையைப் பார்த்து அரசு முடிவெடுக்க வேண்டும். ஆளுநருக்கு அரசியல் சட்டத்தின் 161-வது பிரிவு கொடுக்கிற அதிகாரம் தனி. 2021-ல் அண்ணாவின் 113-வது பிறந்தநாளை ஒட்டி, நீண்ட காலம் உள்ளே இருந்த ஆயுள் கைதிகள் 700 பேரை முன்விடுதலை செய்வதாகத் தமிழக அரசு அறிவித்தது. அதைத் தொடர்ந்து வெளியே வந்தவர்களில் ஒருவர் இவர். “அண்ணா லிஸ்ட்ல வந்தேன்” என்பார். நன்னடத்தை அலுவலரிடம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதை முகூர்த்த நாளைப் போலக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

உள்ளே போகும்போது அவர் சட்டைப் பையில் ஆயிரம் ரூபாய் நோட்டு ஒன்று இருந்ததாம். வெளியே வந்தபோது அந்த நோட்டே நாட்டில் இல்லை. ஆதார் என்ற ஒன்று வந்திருந்தது. ரேஷன் அட்டையில் அவர் பெயர் இல்லை. தம்பி வீட்டில் ஒரு மாதம் இருந்தார். தம்பி மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும் அவராகவே கிளம்பிவிட்டார். லோடு ஏற்றினார், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவினார், மரவள்ளிக் கிழங்கு சீசனில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கூலிக்குப் போனார். உள்ளே இருந்தவன் என்று தெரிகிற வரைக்கும் எல்லா இடத்திலும் நல்ல பெயர். தெரிந்த மறுநாள், “வேலை இல்லப்பா, இருந்தா சொல்லி அனுப்பறோம்.”

கடை வைக்கலாம் என்று எண்ணம் வந்தது சமையல் தெரியும் என்பதால். உள்ளே பல வருஷம் சமையல் கட்டில்தான் வேலை. முதலில் தள்ளுவண்டி. மாநகராட்சியில் தெருவோர வியாபாரி அட்டை வாங்கி, அதைக் காட்டி, தெருவோர வியாபாரிகளுக்கான மத்திய அரசின் பிஎம் ஸ்வநிதி கடனில் முதல் தவணை 10,000 ரூபாய் எடுத்து, பழைய வண்டி ஒன்றை வாங்கிச் சரிபண்ணினார். அதைத் தவணை தவறாமல் கட்டி முடித்ததால் அடுத்ததாக 20,000 கிடைத்தது. எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டி வாங்கிய காகிதத்தை பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். அரசாங்க முத்திரையோடு தன் பெயர் நல்ல விஷயத்துக்காக அச்சாகி வந்த முதல் காகிதம் அது என்றார். திண்ணையை வாடகைக்குக் கொடுத்த பாட்டியிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். பாட்டி பெங்களூரில் இருக்கிற மகனைக் கேட்டார், மகன் வேண்டவே வேண்டாம் என்றார். பாட்டி இரண்டு நாள் யோசித்தார், சாவியைக் கொடுத்துவிட்டார். ஏன் என்று நான் கேட்டதற்கு, “எம் பையன் வருஷத்துக்கு ஒருக்கா வர்றான். இவன் தெனமும் இருப்பான்ல சாமி” என்றார்.

அக்காவின் கதை வேறு மாதிரி. கல்வராயன் மலையடிவாரத்து ஊர். முதல் புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு, கைக்குழந்தையோடு பாக்கெட் சாராயம் விற்றார். பிடிபட்டார், அபராதம் கட்டினார், மறுபடி விற்றார், மறுபடி பிடிபட்டார். கடைசியில் தண்டனை ஆகி வேலூர் பெண்கள் சிறை. மகளை அவளுடைய பாட்டியிடம் விட்டிருந்தார். உள்ளே தையல் கற்றுக்கொண்டார், அந்தச் சுருக்குப் பைகளெல்லாம் அவர் தைத்தவை. “ஆம்பளைங்க ஜெயிலுக்குப் போனா பொண்டாட்டி மனு பாக்க வருவா. பொம்பளைங்க போனா யாரும் வர மாட்டாங்கண்ணா” என்றார். வேலூரில் தன்னைப் பார்க்க வந்தது தன் அம்மா ஒருத்திதான், அதுவும் பஸ் காசு சேர்ந்தபோது. இங்கே மனு பார்க்க வருகிற பெண்களிடம் அவர் ஒரு சொல் அதிகமாகப் பேசுவதற்கும், கூட வருகிற குழந்தைக்குக் கேட்காமலே ஒரு வடையைக் கையில் கொடுப்பதற்கும் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இருவரும் சந்தித்தது அம்மாப்பேட்டையில் தட்டுவடை சுடுகிற அந்த அம்மா வீட்டில். வெளியே வந்ததும் அக்கா அங்கே மாவு தட்டுகிற வேலைக்குச் சேர்ந்திருந்தார். இவர் வண்டிக்கு வடை வாங்க வருவார். ஒருநாள் வீட்டம்மா எல்லோருக்கும் சாப்பாடு போட்டார். இவர் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடது கையால் தட்டை வளைத்துப் பிடித்துக்கொண்டு, தலை நிமிராமல் வேகவேகமாகச் சாப்பிட்டார். அக்கா மாவுக் கையோடு பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “எந்த ஊர்ல இருந்தீங்க?” என்று கேட்டார்.

“சேலம். நீங்க?”

“வேலூர்.”

அதற்குமேல் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லையாம். மறுவாரம் வடைக் கட்டில் இரண்டு கூடுதலாக இருந்தது. இவர் எண்ணிப் பார்த்து இரண்டையும் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். “அதை வெச்சுத்தான் முடிவு பண்ணேன்” என்று அக்கா சொல்லும்போது அந்த அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு பீட்ரூட் துருவுகிறார்.

கல்யாணம் குமரகிரி முருகன் கோயிலில். இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் என்று யாரும் இல்லை. தட்டுவடை வீட்டம்மா, வீட்டுக்காரப் பாட்டி, பதினேழு வயது மகள். அந்தப் பெண்ணிடம்தான் இவர் முதலில் போய்க் கேட்டிருக்கிறார், “உங்கம்மாவைக் கட்டிக்கலாமா கண்ணு?” என்று. தான் எதற்காக உள்ளே இருந்தேன் என்பதையும் அவளிடம் நேராகச் சொன்னார். அவள் ஒரு மாதம் அவரிடம் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் வண்டிக்கு வந்து செட் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “சட்னி நல்லா இல்ல. அம்மாவை அரைக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். இப்போது நர்சிங் படிக்கிறாள். அவரை ‘அப்பா’ என்று கூப்பிடுவதில்லை, ‘கடைக்காரரே’ என்பாள். அவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். கியூஆர் அட்டை, பணம் வந்ததும் சத்தமாகச் சொல்லும் பெட்டி, இதெல்லாம் அவள் வைத்துக் கொடுத்தவை.

வேலை பிரித்துச் செய்வதைப் பார்க்கவே அழகாக இருக்கும். காய்கறி, பாத்திரம், கணக்கு அவருக்கு. சட்னி, உப்பு, ஆட்களோடு பேச்சு அக்காவுக்கு. மதியம் அக்கா சாப்பிட்டு எழுந்திருக்கும் வரை அவர் கல்லாவை விட்டு நகர மாட்டார். அக்கா அவரை ‘ஏங்க’ என்று கூப்பிடுவதும், அவர் ‘அம்மிணி’ என்று பதில் கொடுப்பதும், கல்யாணமாகி முப்பது வருஷமான எங்கள் வீட்டில்கூடக் கேட்காத அளவுக்குப் பதமாக இருக்கிறது. சாயங்கால வியாபாரம்தான் அவருக்குப் பிடிக்கும். காரணம் கேட்டேன். உள்ளே ஆறு மணிக்கெல்லாம் லாக்கப் செய்துவிடுவார்கள், இருட்டுகிற நேரத்தில் வெளியே நின்றது பதினைந்து வருஷமாகக் கிடையாது என்றார். “ஆறு மணிக்கு மேல ரோட்ல நிக்கறதே ஒரு சொகம்ணா. யாவாரம் ரெண்டாவதுதான்.”

மீதிச் சில்லறையை அவர் எண்ணிக் கொடுப்பதைக் கவனித்துப் பாருங்கள். வாய்விட்டு எண்ணுவார், உங்கள் கையில் வைத்துவிட்டு இன்னொரு முறை எண்ணுவார். சில பேருக்கு இது எரிச்சலாக இருக்கும், அவசரத்தில் இருக்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். மற்ற கடைக்காரர் பத்து ரூபாய் குறைத்துக் கொடுத்தால் மறதி என்போம். இவர் குறைத்துக் கொடுத்தால் என்ன சொல்வோம்? அது அவருக்குத் தெரியும்.

அப்படி ஒருநாள் நடந்ததை நான் பார்த்தேன். சாயங்காலக் கூட்டம். நன்றாக உடுத்திய ஒருவர், குடும்பத்தோடு ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்தவர், செட் சாப்பிட்டுவிட்டு எழுந்தவர் போனைக் காணோம் என்றார். அவர் போனைக் கடையில் கொடுத்து வைக்கவே இல்லை, ஸ்டூலில் வைத்ததாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற யாரோ, “கடைக்காரன் யாருன்னு தெரியுமா சார்?” என்று ஆரம்பித்தார்கள். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கல்லாவைத் திறந்து வைத்தார், பாத்திரம் வைக்கிற பெட்டியைத் திறந்து வைத்தார், சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். “ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கண்ணா, நான் இங்கதான் இருக்கேன்” என்றார். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்து நின்றவரைப் பார்த்து, “உங்களுக்கு என்னங்க, செட்டா நொறுக்கலா?” என்று கேட்டு, கை நிற்காமல் போட்டுக்கொண்டே இருந்தார். போன் அவர்கள் கார் சீட்டுக்கு அடியில் கிடந்தது. எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வருத்தம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. நான் சத்தம் போடப் போனபோது அண்ணன்தான் என் கையைப் பிடித்தார். “வுடுங்கண்ணா. கெடைச்சிடுச்சுல்ல, அது போதும்.”

அது போதாது என்று நான் நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சிறைத்துறை ‘ஃப்ரீடம்’ என்ற பெயரில் உள்ளே செய்த பொருள்களை விற்கிறது, இந்தியன் ஆயிலோடு சேர்ந்து கைதிகள் வேலை பார்க்கிற பெட்ரோல் பங்குகளை நடத்துகிறது, 2023-ல் புழலில் பெண் கைதிகளே நடத்துகிற பங்க் கூட வந்தது. நல்ல காரியங்கள், மனசாரச் சொல்கிறேன். அந்த ரொட்டியையும் துண்டையும் நாம் தயங்காமல் வாங்குகிறோம். அதே ஆள் தண்டனை முடிந்து வெளியே வந்து, தன் கையால் ஒரு தட்டு நீட்டினால்தான் நமக்கு யோசனை வருகிறது. சுவருக்கு உள்ளே இருக்கிற வரை அவன் உழைப்பு சுத்தம், வெளியே வந்ததும் சந்தேகம். இது எனக்கு விளங்கவில்லை. சேலம் மத்திய சிறை 1862-ல் ஏற்பட்டது. 1950 பிப்ரவரி 11 அன்று 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டது அங்கேதான் என்று என் தாத்தா சொல்லித் தெரியும். அந்தச் சுவரைத் தாண்டித்தான் சேலத்துக்காரர்கள் நாம் எல்லோரும் ஏற்காட்டுக்குப் போகிறோம், வருகிறோம். உள்ளே இருக்கிறவர்கள் ஒருநாள் இதே ரோட்டில்தான் இறங்கி நடப்பார்கள்.

வெள்ளிப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவனுக்கு எடுத்ததும் கிலோக் கணக்கில் வெள்ளி கொடுக்க மாட்டோம். கொஞ்சமாக எடை போட்டுக் கொடுப்போம், வேலை முடித்துக் கொண்டுவந்தால் எடை போட்டு வாங்குவோம், சேதாரம் கணக்கில் நின்றால் அடுத்த தடவை கூடக் கொடுப்போம். ஆள் யார் மகன், எங்கிருந்து வருகிறான் என்று விசாரிப்போம்தான். ஆனால் கடைசியில் பேசுவது தராசு. போன மனுவில் என் அக்கா மகன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, “வெளிய வந்தா யாரு மாமா எனக்கு வேலை குடுப்பா?” என்று கேட்டான். “நான் குடுக்கறேன், முதல்ல நூறு கிராம்” என்றேன். சிரித்தான். உள்ளே போனதிலிருந்து அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். வெளியே வந்து கடையில் போனை வாங்கும்போது அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர், “முதல் வாரம் வேலைக்கு வராம படுத்தே கெடப்பான், திட்டாதீங்க. எங்க திரும்பறதுன்னே தெரியாது. ரெண்டாவது வாரம் நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க” என்றார். எந்த ஆபீசிலும் இந்த யோசனை எனக்குக் கிடைத்திருக்காது.

அவர்களுக்குச் சொல்ல எனக்கும் சில உண்டு. டீயை விட்டுவிடலாம், அல்லது மாலைக்குப் புதிதாக டிக்காஷன் போடலாம். தண்ணீர் கேன் வெயிலில் இருக்கிறது, திண்ணைக்குள் நகர்த்த வேண்டும். சனி, ஞாயிறில் ஏற்காடு போய்த் திரும்புகிற கூட்டத்துக்கு வடை பத்துவதில்லை, ஏழரைக்கே தீர்ந்துவிடுகிறது. கூட வாங்கி வையுங்கள் என்றால், மிஞ்சினால் மறுநாள் நமத்ததை விற்க மனசு வராது என்கிறார் அக்கா. பார்சலில் சட்னியைத் தனியாகக் கட்டிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் செட்டாகவே போட்டுக் கட்டிவிடுகிறார்கள், வீடு போவதற்குள் ஊறிவிடும்.

கடை காலை பதினோரு மணிக்குத் திறக்கும், இரவு எட்டரை வரை. மதியச் சாதம் இரண்டு மணிக்குமேல் இருக்காது. மாதத்தில் ஒரு நாள் அவர் கையெழுத்துப் போடப் போகிற நாளில் மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள், அன்றைக்குப் போனை வாங்கி வைக்க மட்டும் பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயம் இரண்டு நாள் விடுமுறை. வண்டி நிறுத்த இடமில்லை, ரவுண்டானா பக்கம் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். சித்திரை, வைகாசியில் போனால் மாங்காய் செட் கேளுங்கள். கேரட்டுக்குப் பதில் பச்சை மாங்காயைச் சீவிப் போட்டு, சிவப்புச் சட்னியைக் கொஞ்சம் கூட்டித் தருவார்கள். 35 ரூபாய்.